வழிகாட்டியின்றிப் பனிமலைக்கு

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் வல்கூர் என்றொரு சிற்றூர் உண்டு. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அங்கு வாழ்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்பவரின் இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயுற்றான். சாலைகளைப் பனி மூடியிருந்தமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை, குழந்தை இறந்தது. இளமை முதலே பனியில் ஓடும் வண்டியை உருவாக்க முயன்றுவந்த அத்தந்தை, 1937இல் எழுவர் பயணம் செய்யத்தக்க ஊர்தியை உருவாக்கினார். 1959இல் அவருடைய நிறுவனம் சிறிய பனிவண்டியையும் வெளியிட்டது. முன்னே இரு சறுக்குக் கட்டைகளும் பின்னே சுழலும் ரப்பர்ப் பட்டையும் கொண்ட இதனையே ஸ்னோமொபைல் என்கிறோம்.

அன்று உயிர்காக்க எண்ணிய ஊர்தி இன்று பெரும்பாலும் விடுமுறை இன்பத்துக்குப் பயன்படுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஏறத்தாழ 8,400 அடி உயரத்திலுள்ள கிராண்ட் லேக் என்னும் ஊரில் இதனை வாடகைக்கு எடுத்து, வழிகாட்டி இல்லாமலே அரப்பாஹோ தேசியக் காட்டினுள் செல்லலாம். ஆனால் ஒன்றை மறவாதிருப்போமாக. வழிகாட்டி இல்லையெனில் அவருடைய கடமைகள் நீங்கிவிடுவதில்லை. அவை நம் தோள்மீது ஏறுகின்றன.

ஒப்பந்தமும் வரைபடமும்

வாடகை ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். வண்டி சேதமுற்றால் எவ்வளவு செலுத்த வேண்டும், செப்பனிட்ட பாதையை விட்டு விலகலாமா என்பவற்றை முன்னரே கேட்டறிக. அருகிலுள்ள ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், காட்டுக்குச் செல்லும் ஒரு குறுகிய இணைப்புப் பாதையைத் தவிர வேறெங்கும் பனிவண்டிக்கு அனுமதியில்லை. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வனாந்தரமென ஒதுக்கப்பட்ட நிலங்களிலும் பொறிவண்டிகள் நுழையலாகாது. ஆதலின் காகிதத்தில் அச்சிட்ட வரைபடம் கையில் இருத்தல் நன்று. மலைக்குள் கைப்பேசி பல இடங்களில் பயன்படாது.

பனிச்சரிவு

பெரும் அபாயம் இதுவே. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதியாக நிகழ்கிறது. நாம் சமநிலத்தில் சென்றாலும், தலைக்கு மேலுள்ள சரிவு இடிந்து நம்மை மூடக்கூடும். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் நாள்தோறும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அபாயம் ஐந்து படிகளாகக் குறிக்கப்படும். புறப்படும் காலையில் அதைப் பாராமல் செல்லற்க.

புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பின் விரைந்து குறைகிறது. உதவிக்குழு வரும்வரை காத்திருக்க இயலாது. உடன்வந்தோரே மீட்க வேண்டும். இதற்காக இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவி, பனியைக் குத்தி ஆராயும் நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். பயிற்சி இல்லாத குடும்பத்தினர், செங்குத்தான சரிவுகளுக்கு எட்டியுள்ள செப்பனிட்ட காட்டுப் பாதையோடு நிறைவு கொள்வதே அறிவுடைமை.

உடலும் நேரமும்

அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தலைவலியும் களைப்பும் தோன்றலாம். ஊர் சேர்ந்த மறுநாள் புறப்படுவது நலம். பருத்தி உடை வியர்வையைத் தேக்கி உடலைக் குளிரச் செய்யும். உள்ளே கம்பளி உடையே ஏற்றது. டிசம்பரில் மாலை 5 மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்ப முனைக. அப்போது வரும் வழிக்கு ஒரு பங்கும், எதிர்பாராத இடருக்கு ஒரு பங்கும் எஞ்சும்.

செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். குறித்த நேரத்தில் வாராவிடில் யாருக்கு அறிவிப்பது என்பதையும் சொல்லுங்கள். எல்லாவற்றினும் மேலாக, குழுவில் இளையவர் ஒருவர் "அச்சமாயிருக்கிறது, திரும்புவோம்" என்றால், எள்ளி நகையாடாமல் அனைவரும் திரும்புவதெனப் புறப்படுமுன்னரே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பனியில் பிள்ளையை இழந்த ஒரு தந்தையின் உழைப்பில் உருவான வண்டி அது. அதில் ஏறிச் சென்றோர் அனைவரும் அந்தி சாயுமுன் வீடு திரும்புவதே அப்பயணத்தின் வெற்றியாகும்.