ஒரே பதக்கம், இரு வேறு வீரம்

இந்திய ராணுவத்தின் பாராசூட் பிரிவுகளில் பணியாற்றிய இருவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. ஒருவர் பிரிகேடியர் முகமது உஸ்மான். 50-ஆவது பாராசூட் பிரிகேடின் தளபதி. காஷ்மீர்ப் போரில் நௌஷேராவைக் காத்து, கைவிட்டுப்போன ஜங்கரை 1948 மார்ச்சில் மீட்டு, அதே ஜங்கரில் 1948 ஜூலை 3 அன்று எதிரியின் பீரங்கிக் குண்டுக்கு உயிரைக் கொடுத்தவர். மற்றவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். பெயரின் முதல் எழுத்திலேயே ஆற்காட்டைச் சுமந்த மருத்துவர். 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவைக் கொரியப் போருக்கு அழைத்துச் சென்றவர். ஒருவர் சண்டையிட்டார்; மற்றவர் சண்டையில் அடிபட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இரண்டு பதக்கங்களையும் ஒரு மேஜையில் அருகருகே வைத்தால், எது தளபதியுடையது, எது மருத்துவருடையது என்று அவற்றின் வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. போர்வீரர்களின் பதக்கங்களையும் நினைவுப் பொருட்களையும் நாம் பாதுகாக்கும் முறையில் உள்ள பெரிய குறையை இது காட்டுகிறது. பதக்கத்தை மட்டும் பத்திரப்படுத்துகிறோம். அதற்குப் பொருள் தரும் காகிதங்களை விட்டுவிடுகிறோம்.

மகாவீர் சக்ரா வட்டமான வெள்ளிப் பதக்கம். முன்புறத்தில் ஐந்து முனை நட்சத்திரம். அதன் நடுவே பொன்முலாம் பூசிய அரசுச் சின்னம். பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு நிற ரிப்பனில் தொங்கும். பின்புறத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயர், இடையில் இரண்டு தாமரைகள். எந்தப் போர், எந்த நாள், என்ன செய்தார் என்பதை இந்தச் சித்திரங்கள் சொல்லாது. இதைவிட மோசமான நிலையும் உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டன் வழங்கிய பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் வீரர்களுக்கு வழங்கிய நட்சத்திரப் பதக்கங்களில் பெயரே இல்லை. 1944 செப்டம்பரில் ஆர்ன்ஹெமில் குதித்த பாராசூட் வீரரின் நட்சத்திரமும், போர்முனையையே காணாத கிடங்கு எழுத்தரின் நட்சத்திரமும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கலாம். சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்று, கடிதம், புகைப்படம் ஆகியவை உடன் இருக்கும் வரைதான் அந்த உலோகத்துக்கு உரியவர் உண்டு. பிரித்துவிட்டால் அது அநாதை.

காகிதங்கள் என்ன சொல்லும் என்பதற்கு ரங்கராஜின் பிரிவே சான்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் அவர்; அப்போது 152-ஆவது இந்திய பாராசூட் பட்டாலியனின் மருத்துவ அதிகாரி. 1950 நவம்பரில் அவருடைய பிரிவு கொரியா போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே சீனப் படை நெருங்க, பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க உத்தரவு வந்தது. மருத்துவச் சாமான்களை ஏற்ற வண்டிகள் இல்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பி, ரயில் ஓட்டத் தெரிந்த தங்கள் ஆட்களைக் கொண்டே அதை ஓட்டி, பாலம் தகர்க்கப்படும் முன் தெற்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 187-ஆவது வான்வழிப் படையுடன் முன்சான் பகுதியில் பன்னிரண்டு இந்தியர்கள் பாராசூட்டில் குதித்து, அங்கேயே அறுவைக்கூடம் அமைத்தார்கள். கொரியாவில் இருந்த காலம் முழுவதும் அந்தப் பிரிவு சிகிச்சை அளித்தவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். வாளித் தண்ணீரும் அந்தப் பன்னிரண்டு பேரும் பதக்கத்தில் இல்லை. பிரிவின் நாட்குறிப்பிலும் விருதுக்கான பாராட்டுரையிலும் உடனிருந்தோரின் எழுத்திலும்தான் அவை வாழ்கின்றன.

பதக்கத்தையும் காகிதங்களையும் சேர்த்தே காக்க வேண்டும் என்றால் சில மறுப்புகள் எழும். 'பதக்கம் குடும்பத்தின் சொத்து. அதை என்ன செய்வது என்று மற்றவர்கள் ஏன் சொல்ல வேண்டும்' என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்விதான். கணவரையோ தந்தையையோ இழந்தது அந்த வீடு. வறுமையில் அதை விற்க நேர்ந்தால் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் குடும்பத்தின் உரிமையைக் காக்கவும் ஆவணம்தான் தேவைப்படுகிறது. 1945 செப்டம்பர் 12 அன்று, தொண்டேபாவி பயிற்சி முகாமில், தோழர்களைக் காப்பதற்காக வெடிக்கவிருந்த கையெறி குண்டை நோக்கிப் பாய்ந்து உயிர்விட்ட நாயக் கிர்பா ராமுக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அவர் மனைவியின் வீட்டிலிருந்து திருடுபோன அந்தப் பதக்கம் 2009-ல் லண்டன் ஏலப் பட்டியலில் தென்பட்டது. இந்தியா தலையிட்டதால் ஏலம் நின்றது. பல ஆண்டுகள் போராடிய பிறகே பதக்கம் அந்த மூதாட்டியிடம் திரும்பியது. அது யாருடையது என்பதற்கு அரசுப் பதிவு இருந்ததால்தான் அதுவாவது நடந்தது. நம் சட்டமும் பெரிய துணையில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு கடந்த பொருட்களையே தொல்பொருளாகக் கருதுகிறது. கொரியப் போர்ப் பதக்கம் அந்த வயதை எட்ட 2050 தாண்ட வேண்டும்.

'சேகரிப்பாளர்கள்தான் உண்மையில் வரலாற்றைக் காப்பாற்றுகிறார்கள்' என்பது இரண்டாவது மறுப்பு. இதிலும் உண்மை இருக்கிறது. அரசு அலுவலகங்கள் தூசு படியவிட்ட பெயர்களைச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் சந்தை விலை வைப்பது முதலில் பதக்கத்துக்கு. கிழிந்த கடிதத்துக்கும் பெயரெழுதாத குழுப் புகைப்படத்துக்கும் மங்கிப்போன மெரூன் தொப்பிக்கும் அந்த அளவு கிராக்கி இல்லை. பழைய பேப்பர் கடைக்குப் போவது அவைதான். நல்ல சேகரிப்பாளர் முழுத் தொகுப்பைத் தேடுவார். அதைக் கலையாமல் கொடுக்க வேண்டியது வீட்டின் பொறுப்பு.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: இவற்றைக் கொண்டாடுவது போரைக் கொண்டாடுவதாகாதா? கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கும் பதக்கத்தை மட்டும் வைத்தால், ஆகும். விலை தெரியாத பெருமிதம் போரை அழகாக்கிவிடும். அந்தப் பதக்கத்துக்குப் பக்கத்தில் அறுவைப் பதிவேட்டையும் இறந்தோர் பட்டியலையும் வீட்டுக்கு எழுதிய கடிதத்தையும் வைத்துப் பாருங்கள். போர் என்ன விலை கேட்கிறது என்று அங்கே எழுதியிருக்கும். ரங்கராஜ் பிற்காலத்தில் உலக சுகாதார அமைப்பின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணிக்குத் தலைமை தாங்கினார். கொரியாவில் வென்ற பதக்கத்தையும் அந்தப் பணியையும் சேர்த்துப் படிக்கும் மாணவனுக்கு, வீரம் என்றால் துப்பாக்கி மட்டுமே என்ற எண்ணம் தங்காது. 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அந்த மாதத்தின் போர் நாயகராக அவரை அறிவித்தது. அந்நிய நாடு ஒன்று எழுபது ஆண்டு கழித்து நினைவுகூர்ந்தவரின் பெயரை நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

எனவே, ராணுவத்தில் பணியாற்றியவர் வாழ்ந்த வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். பதக்கத்தைப் பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள். விளிம்பில் பொறித்த பெயர் தேய்ந்து மறையும். புகைப்படத்தின் பின்னால் யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதிவையுங்கள். சொல்லத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். சான்றிதழ்களுக்கும் கடிதங்களுக்கும் பிரதி எடுத்து, உறவினர் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள். ரெஜிமென்டின் அருங்காட்சியகத்துக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ கொடுப்பதானால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுங்கள். தொகுப்பைப் பிரிக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். விற்றே தீர வேண்டும் என்ற நிலை வந்தாலும் அப்படியே ஒன்றாக விற்றுவிடுங்கள். பதக்கத்தை அரசு கொடுத்தது. அது எதற்காகக் கிடைத்தது என்பதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.