மணல் நம்முடையது, மதிப்பு எவருடையது?

திருப்பரங்குன்றம் இரயிலடிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. மாலை நேரம். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் அருகே வந்து அமர்ந்தார் ஒரு தோழர். லேத் பட்டறைத் தொழிலாளி. இரும்போடு பிறந்து இரும்போடு வளர்ந்தவர் என்றே சொல்லலாம். வேலை முடிந்து திரும்பும் வழியில் லாரி மோதிக் கால் முறிந்துவிட்டது.

“காலுக்குள்ளே தகடு வச்சிருக்காங்க அண்ணே! டைட்டானியமாம். விலையைச் சொன்னதும் என் சம்சாரம் காதிலே கிடந்த தோட்டைக் கழற்றிக்கிட்டு அடகுக் கடைக்கு ஓடினா. தங்கத்தை வச்சுத் தகடு வாங்குற அளவுக்கு அது என்ன அண்ணே அப்படியொரு உலோகம்? எந்தச் சீமையிலே விளையுது?”

எந்தச் சீமையிலே? தோழர்களே, நம் சீமையிலேதான்!

மதுரையிலே இரயிலேறி நாகர்கோவிலிலே இறங்குங்கள். மேற்கே கடலோரமாகப் போனால் மணவாளக்குறிச்சி. அங்கே கரையிலே கிடக்கும் மணல் கறுத்திருக்கும். அந்தக் கருமணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் பின்னிக் கிடக்கும் தாது அது. அதே மணலில் ரூட்டைல் உண்டு, சிர்கான் உண்டு, அணுசக்திக்கான தோரியத்தை அடக்கிய மோனசைட்டும் உண்டு.

இந்த மணலின் மதிப்பை முதலில் கண்டவன் யார்? நாமா? இல்லை! 1909ஆம் ஆண்டு ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங் கயிற்றிலே ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதிலே மோனசைட் இருந்தது. காஸ் விளக்கின் திரிவலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. கயிறு திரித்தவனுக்குக் கிடைத்தது கூலி. கயிற்றில் ஒட்டிய தூசியைப் பார்த்தவனுக்குக் கிடைத்தது புதையல்! அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியிலே ஆலை எழுந்தது. பிறகு இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறமி செய்யும் முறை வளர்ந்ததும், 1920களில் அந்தக் கருமணலும் கப்பல் ஏறிற்று.

1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. இரத்தம் சிந்திப் பெற்ற மண் அது. 1965இல் மணவாளக்குறிச்சி ஆலை இந்திய அருமணல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. மண் நமதாயிற்று. ஆலை அரசினுடையதாயிற்று. ஆனால், மணலின் முழு மதிப்பு நமதாயிற்றா? அதுதான் இன்றைய கேள்வி.

டைட்டானியம் அரிய பொருளா? அல்ல. பூமியின் மேலோட்டில் மிகுந்து கிடக்கும் தனிமங்களில் ஒன்பதாவது அது. பின் ஏன் இந்த விலை? பட்டறைத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரும்பைப் போல் இதைத் திறந்த உலையில் காய்ச்ச முடியாது. சூடேறினால் காற்றிலுள்ள பிராணவாயுவையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு நொறுங்கிப்போகும். ஆகவே தாதுவைக் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்க வேண்டும். காற்றுப் புகாத கலத்தில், ஆர்கான் வாயுவுக்குள், உருகிய மக்னீசியத்தோடு அதை வினைபுரியச் செய்ய வேண்டும். அப்போது கிடைப்பது தேன்கூடுபோல் துளையுள்ள கட்டி. அதற்குக் ‘கடற்பஞ்சு’ என்று பெயர். அதை வெற்றிடத்தில் உருக்கினால்தான் உலோகம்! லக்சம்பர்க் நாட்டு வில்லியம் குரோல் 1940இல் காப்புரிமை பெற்ற முறை இது. இன்றும் உலகம் பெரும்பாலும் அதையே நம்பியிருக்கிறது.

இத்தனை பாடுபட்டுப் பெற்றது எதற்கு? எஃகின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும். வலிமையிலோ எஃகுக்கு நிகராக நிற்கும். கடலுப்பு அரிக்காது. உடலுக்குள் வைத்தாலும் எலும்பு ஒதுக்காது. அதனால்தான் தோழரின் காலில் அது தகடு. விமானத்தில் இறக்கைத் தாங்கி. ஏவுகலத்தில் எரிபொருள் கலம். 2023இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 15 புரோவுக்கு இதையே சட்டமாக்கிப் பெருமை பேசிற்று. உலோகமாக்காமல் வெள்ளைப் பொடியாக்கினாலோ, வீட்டுச் சுவரின் வண்ணம், பற்பசையின் வெண்மை, காகிதத்தின் பளபளப்பு!

வல்லரசுகளைக்கூட ஆட்டிவைத்த உலோகம் இது. 1960களில் அமெரிக்கா ஒலியைப் போல் மும்மடங்கு வேகத்தில் பறக்கும் வேவு விமானம் கட்டிற்று. அந்த வேகத்தின் வெப்பத்தை அலுமினியம் தாங்காது, டைட்டானியம் வேண்டும். அது தாராளமாக இருந்தது யாரிடம்? யாரை வேவு பார்க்க விமானமோ, அந்தச் சோவியத் நாட்டிடம்! மாற்றுப் பெயர் நிறுவனங்களை முன்னிறுத்தி, மறைமுகமாக வாங்கினார்கள். எதிரியின் உலோகத்தாலேயே எதிரியை வேவு பார்த்தார்கள்!

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் போயிங் நிறுவனம் உருசிய டைட்டானியத்தை நிறுத்திற்று. ஐரோப்பாவின் ஏர்பஸ் உடனே நிறுத்த முடியாமல் திணறிற்று. 2024இல் கனடா உருசிய நிறுவனத்தின்மீது தடை போட்டது. போட்ட கையாலேயே ஏர்பஸுக்கு விலக்கும் கொடுத்தது. கொள்கை ஒரு பக்கம் இழுத்தது, உலோகம் மறுபக்கம் இழுத்தது, உலோகம் வென்றது! கடற்பஞ்சு செய்வதில் இன்று முதலிடம் சீனாவுக்கு.

நமக்கு எந்த இடம்? உலகின் பெரும் இல்மனைட் இருப்புகளுள் ஒன்று இந்தியக் கரையில் கிடக்கிறது. கடற்பஞ்சு ஆலையோ கேரளத்துச் சவறாவில், 2011இல் விண்வெளித் துறையின் பணத்தால் எழுந்த ஒன்று. ஆண்டுக்கு 500 டன். நெல்லைச் சீமை மகேந்திரகிரியிலே ஏவுகல எஞ்சினைச் சோதிக்கிறோம். குலசேகரன்பட்டினத்திலே ஏவுதளம் அமைக்க 2024இல் அடிக்கல் நாட்டினோம். ஆனால், டைட்டானிய உலோகத்திலும் வெள்ளைப் பொடியிலும் பெரும்பங்கு இறக்குமதி! பருத்தியை மூட்டையாகக் கொடுத்து, மல் துணியாக விலைக்கு வாங்கிய பழைய கதை மாறிவிட்டதா, சொல்லுங்கள்?

உடனே ஒரு குரல் கேட்கிறது: “அப்படியானால் தோண்டு! கரை முழுதும் தோண்டு!” அவசரப்படாதீர்கள். தோண்டியவர்கள் இருக்கிறார்கள். தென்கரையில் தனியார் தாது மணல் வேட்டை வரம்பு மீறிப் போனதால் 2013இல் தமிழக அரசு தடை விதித்தது. அரசு கணக்கிட்ட இழப்பு 5,832 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு ஆணையிட்டது. மணல் போயிற்று, ஆலை வந்ததா? வேலை வந்ததா?

2007இல் சாத்தான்குளம் வட்டாரத்தில் டாட்டா நிறுவனத்தின் டைட்டானியத் திட்டத்துக்கு நிலம் கேட்டபோது மக்கள் மறுத்தார்கள், திட்டம் நின்றது. கிள்ளியூர் வட்டத்திலே 1,144 எக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ மக்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் வளர்ச்சியின் பகைவர்களா? இல்லை. கரை கரைந்தால் குடிசை போகும். மோனசைட்டின் கதிர்வீச்சு அச்சம் வீட்டு வாசலில் நிற்கும். இலாபமோ வேறோர் ஊருக்குப் போகும். கேட்க மாட்டார்களா?

2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், முக்கியக் கனிமங்களை ஏலம்விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடமே வைத்துக்கொண்டது. வருவாய் மாநிலத்துக்கு என்கிறது. வருவாய் வருவது சரி, முடிவெடுப்பது யார்? நம் வீட்டுக் கிணற்றுக்கு விலை பேசும்போது நம்மைத் திண்ணையில் உட்கார வைப்பது என்ன முறை?

ஆகவே நம் கோரிக்கை தெளிவு. கரையோர மக்களின் இசைவின்றி ஒரு கூடை மணலும் நகரக்கூடாது. நகரும் மணல் தாதுவாகப் போகாமல் தகடாக, குழாயாக, எந்திர உறுப்பாகப் போக வேண்டும். அந்த ஆலையின் கழிவு கடலில் கலக்கக்கூடாது. அந்த ஆலையில் கரையோரப் பிள்ளைகள் கூலிக்கு மட்டுமல்ல, பொறியாளராகவும் நுழைய வேண்டும். ஏலத்தில் மாநிலத்துக்கும் வாக்கு வேண்டும்.

தேநீர் ஆறிவிட்டது. தோழர் கேட்டார்: “அப்ப, நம்ம ஊர் மணலைத்தான் நான் தோட்டை அடகு வச்சு வாங்கியிருக்கேனா அண்ணே?”

அந்தத் தகடு எந்தக் கரையிலிருந்து வந்ததோ, யாரறிவார்! ஆனால், அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். அந்தக் காதுத் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.