கிண்ணம் நிறைய உமி!

என் சிநேகிதி ஒருத்தி ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் வெளியூர் போனாள். அவள் வீட்டு வராந்தாவில் தொங்கிய கூண்டில் நீலத்தில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றுமாக இரண்டு சின்னக் கிளிகள். சின்னக் கிண்ணத்தில் தினையை நிரப்பி, "தினம் பார்த்து, குறைந்திருந்தால் போடு" என்று வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தப் பெண்ணும் தவறாமல் பார்த்தாள். கிண்ணம் நிறைந்தே இருந்தது. சிநேகிதி திரும்பி வந்தபோது நீலக் கிளி கூண்டின் அடியில் செத்துக் கிடந்தது. மஞ்சள் கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒண்டியிருந்தது.

கிண்ணத்தை எடுத்து ஊதிப் பார்த்தாள். அத்தனையும் உமி! கிளி தானியத்தை அப்படியே விழுங்குவதில்லை. அலகால் உமியை நீக்கி, உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். உமி மறுபடியும் கிண்ணத்திலேயே விழும். நம் கண்ணுக்கு நிறைந்த கிண்ணம், அதற்கோ பட்டினி! ஆகவே, சகோதரிகளே, தினமும் காலையில் கிண்ணத்தை ஊதிப் பாருங்கள். இதுதான் முதல் பாடம்.

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் 'பட்ஜெரிகர்' என்னும் ஆஸ்திரேலியக் கிளிகள். 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் இவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். எடை 30, 40 கிராம்தான். "ஏன், நம் மாமரத்துப் பச்சைக்கிளியை வளர்க்கக் கூடாதா?" என்று கேட்காதீர்கள். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

"உமியை ஊதிவிட்டுத் தினை போட்டால் போதும் அல்லவா?" என்பீர்கள். போதாது! குழந்தைக்கு வெறும் சாதத்தை மட்டும் போட்டு வளர்ப்போமா? தானியத்தில் ஏ வைட்டமின், கால்ஷியம், அயோடின் எல்லாமே குறைவு. ஏ வைட்டமின் போதாவிட்டால் மூக்கிலும் தொண்டையிலும் நோய் எளிதில் பற்றும். அயோடின் போதாவிட்டால் தைராய்டு வீங்கி மூச்சுத் திணறும். கால்ஷியம் போதாவிட்டால் பெட்டைக்கு முட்டை உள்ளேயே சிக்கி, உயிருக்கே ஆபத்து. சூரியகாந்தி விதையோ கொழுப்பு மிகுந்தது. பாயசத்தில் குழந்தை முந்திரியைப் பொறுக்குவதுபோல் கிளி அதையே பொறுக்கித் தின்னும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஈரல் கெட்டுப்போயிருக்கும்!

பின் என்னதான் கொடுப்பது? ஒரு கிளிக்குத் தினை, சாமை போன்ற தானியம் நாளைக்கு 1 முதல் 2 டீஸ்பூன். நன்றாகக் கழுவிய கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய காரட். சிவந்த மிளகாய்ப் பழமும் கொடுக்கலாம். நமக்குக் கண்ணீர் வரும். கிளிக்கு அந்தக் காரம் உறைப்பதே இல்லை! கால்ஷியத்துக்குக் கணவாய் மீன் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். கூண்டில் கட்டிவிட்டால் கொறித்துக்கொள்ளும். சத்துக்களைச் சேர்த்துச் செய்த 'பெல்லட்' தீனி கிடைத்தால் அதையும் பழக்குங்கள். அதைத் தின்னப் பழகிவிட்டால் அயோடினுக்குக் கவலை இல்லை. நம் ஊர் வெயிலில் கீரை சீக்கிரம் கெடும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

செல்லம் கொஞ்சிக் காப்பி, டீ, சாக்லேட், உப்புப் போட்ட வறுவல், வெங்காயம் எதையும் ஊட்டாதீர்கள். வெண்ணெய்ப் பழம் கிளிக்கு விஷம்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: புது ஆகாரத்தை ஒரே நாளில் மாற்றாதீர்கள். தெரியாத பண்டத்தைத் தொடாமல் பட்டினி கிடந்தே சாகும் ஜாதி இது! பழைய தானியம் பாட்டுக்கு இருக்கட்டும். காலைப் பசியில் முதலில் கீரையைக் காட்டி, வாரக்கணக்கில் பொறுமையாகப் பழக்குங்கள். இறகைச் சிலிர்த்து ஒடுங்கி உட்கார்ந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் சிநேகிதி இப்போது தன் காப்பிக்கு முன்னால் மஞ்சள் கிளியின் கிண்ணத்தை ஊதுகிறாள். அந்தக் கிளி 'அம்மா' என்று அழகாகக் கூப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டது. 'பசிக்கிறது' என்று சொல்லத்தான் அதற்குத் தெரியவில்லை. அதை நாம்தானே தெரிந்துகொள்ள வேண்டும்?