இடிந்தது ஆலை, பிழைத்தனர் 140 பேர்

2004-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13-ஆம் நாள். அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில் ரோனோக் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே, வயல்களுக்கு நடுவே, கனரக இயந்திரங்களுக்கு உலோகப் பாகங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அன்று பிற்பகல் அதனுள் சுமார் 140 பேர் வேலை செய்துகொண்டிருந்தனர். இரண்டரை மணி அளவில் வானிலை நிலையத்தின் எச்சரிக்கை வந்தது. அடுத்த கால் மணி நேரத்துக்குள் டொர்னாடோ என்னும் சுழற்காற்று ஆலையின் மீது பாய்ந்தது. கூரை பறந்தது. எஃகுத் தூண்கள் முறுக்கிக்கொண்டன. வெளியே நிறுத்தியிருந்த கார்கள் தூக்கி வீசப்பட்டன. சற்று நேரத்தில் ஆலை இருந்த இடத்தில் இடிபாடுகளே மிஞ்சின.

உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஒருவருக்குக்கூடக் காயமில்லை!

இதை அதிசயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதிசயம் எதுவும் நடக்கவில்லை, மாணவ நண்பர்களே. அது எப்படி என்று பார்ப்போம்.

டொர்னாடோ என்றால் என்ன?

வங்கக் கடலில் தோன்றும் புயலை நீங்கள் அறிவீர்கள். அது பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ளது. கரைக்கு வர நாட்கணக்கில் ஆகும். டொர்னாடோ அப்படிப்பட்டதன்று. பலத்த இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை தொங்கும் சுழலும் காற்றுத் தூண் அது. அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு உட்பட்டது. சில நிமிடங்களில் தோன்றி, சில நிமிடங்களில் மறைந்தும்விடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அதன் வழியில் எது நின்றாலும் ஆபத்துதான்.

டொர்னாடோவின் வலிமையை அளக்க, சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெத்சுயா ஃபுஜிதா 1971-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். இடிந்த கட்டடங்களைப் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் முறை இது. ரோனோக்கைத் தாக்கியது இதில் நான்காம் படியைச் சேர்ந்தது. அதாவது, காற்றின் வேகம் மணிக்கு 333 முதல் 418 கிலோமீட்டர் வரை!

பெரிய கட்டடம் ஏன் எளிதில் விழுகிறது?

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று, சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 47 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். வேகம் 400 கிலோமீட்டரானால் அந்த விசை பதினாறு மடங்காகி, சுமார் 750 கிலோகிராமை எட்டும்.

தொழிற்சாலையிலும் கிடங்கிலும் பொருள்களை நகர்த்த இடம் வேண்டும். ஆகவே தூண்கள் குறைவு, கூரை விசாலம், சுவர்கள் உயரம். வேகமாக வீசும் காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. உடைந்த கதவு, சன்னல் வழியே உள்ளே புகுந்த காற்று அதைக் கீழிருந்து தள்ளுகிறது. கூரை பெயர்ந்ததும் சுவர்களுக்குப் பிடிப்பு போய்விடுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூடியுள்ள செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியோடு அதன் பக்கத்தை விரலால் அழுத்துங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு அழுத்துங்கள். இரண்டாம் முறை பக்கம் எவ்வளவு எளிதாக வளைகிறது! இனி, ஒரு தீப்பெட்டியை அதேபோல் அழுத்திப் பாருங்கள். சிறிய பெட்டி அவ்வளவு சுலபமாக வளைந்து கொடுப்பதில்லை.

2021 டிசம்பர் 10-ஆம் நாள் இரவு, அதே இல்லினாய் மாநிலத்தின் எட்வர்ட்ஸ்வில் நகரில் ஒரு பெரிய கிடங்கை டொர்னாடோ தாக்கியது. கூரை பெயர்ந்ததும், சுமார் 40 அடி உயரமுள்ள தடித்த காங்கிரீட் சுவர்கள் சரிந்தன. ஆறு பேர் இறந்தனர். சுவர் கனமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

இடிபாடுகள் சொன்ன பாடம்

1970 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரை ஒரு டொர்னாடோ தாக்கி 26 பேரைக் கொன்றது. அங்குள்ள டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இடிபாடுகளை ஆராயத் தொடங்கினர். வீடு முழுவதும் தகர்ந்தாலும், நடுவிலுள்ள குளியலறை போன்ற சிறிய அறைகள் பல இடங்களில் நின்றுகொண்டிருந்தன! அப்படியானால் அந்தச் சிறிய அறையை இன்னும் வலுவாகக் கட்டினால் என்ன? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே காப்பறை.

இன்று அமெரிக்காவில் இதற்கென விதிகள் உள்ளன. டொர்னாடோ அபாயம் மிகுந்த பகுதிகளில் காப்பறை மணிக்கு 400 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கவேண்டும். ஏறத்தாழ 7 கிலோகிராம் எடையுள்ள மரக்கட்டையை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தாலும் அதன் சுவரைத் துளைக்கக்கூடாது. டொர்னாடோவில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் பறந்து வரும் பொருள்களும் சரிந்து விழும் பாகங்களுமே. அதனால்தான் இந்தச் சோதனை.

ரோனோக் ஆலையின் உரிமையாளர் முன்பொரு முறை டொர்னாடோவின் கொடுமையை அனுபவித்து அறிந்தவர். ஆகவே ஆலையைக் கட்டும்போதே கழிவறைகளின் சுவர்களையும் மேல்தளத்தையும் கம்பி வைத்த காங்கிரீட்டால் அமைத்தார். அன்றாடம் கழிவறை, ஆபத்தில் காப்பறை. ஆலையில் இது எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்கத் தேவையில்லை அல்லவா?

அறை மட்டும் போதுமா?

போதாது. அறைக்குள் போய்ச் சேரவும் வேண்டுமே! ஒரு தொழிலகம் முன்கூட்டியே செய்ய வேண்டியவை இவை:

1. இடம்: காப்பறை இல்லாவிட்டால், கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத சிறிய உள்ளறை ஒன்றைத் தேர்ந்து, எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். அகன்ற கூரையுள்ள கூடம் கூடாது.

2. செய்தி: டொர்னாடோ உண்டாகக்கூடிய சூழ்நிலை இருந்தால் ‘கண்காணிப்பு’ அறிவிப்பு வரும். டொர்னாடோவைக் கண்ணாலோ ராடாரிலோ கண்டால் ‘எச்சரிக்கை’ வரும். முதலாவது, தயாராக இருக்க. இரண்டாவது, உடனே ஒதுங்க. இரவு நேர வேலையிலும் இதைக் கேட்கும் வானொலியும், அதற்குப் பொறுப்பான ஆளும் வேண்டும்.

3. ஒத்திகை: ரோனோக் ஆலையில் ஒத்திகைகள் தவறாமல் நடந்தன. ஒத்திகைக்காக இயந்திரங்களை நிறுத்தினால் உற்பத்தி குறையும். அது வீண் செலவு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்த ஜூலை நாளில், 140 பேரும் நான்கு நிமிடங்களுக்குள் காப்பறைகளில் இருந்தார்கள் என்றால், அது அந்தச் செலவின் பலன்தான்.

4. கணக்கு: உள்ளே வந்தவர்களை எண்ணிச் சரிபார்க்கப் பெயர்ப் பட்டியல் வேண்டும். வந்திருக்கும் விருந்தினரும் லாரி ஓட்டுநரும் அதில் சேர வேண்டும்.

5. பின்பு: அறுந்த மின்கம்பி, கசியும் எரிவாயு, தொங்கும் கூரை ஆகியவை காற்று நின்ற பிறகும் கொல்லும். மீட்புப் படையினர் வரும்வரை இடிபாடுகளுக்குள் திரியக்கூடாது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். சன்னல்களைத் திறந்து வைத்தால் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிக் கட்டடம் தப்பும் என்று முன்பு பலர் நம்பினார்கள். இது தவறு. திறந்த சன்னல் காற்றை உள்ளே அழைக்கிறது. அதைத் திறப்பதற்குச் செலவிடும் நேரமும் உயிருக்கு உலை வைக்கும். அதுபோலவே, காரில் ஏறித் தப்பிவிடலாம் என்று வெளியே ஓடுவதும் ஆபத்தானது. ரோனோக்கில் கார்கள் என்ன ஆயின என்பதை முன்பே பார்த்தோம்.

ரோனோக் ஆலை மீண்டும் கட்டப்பட்டது. புதிய கட்டடத்திலும் காப்பறைகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். இடிந்த ஆலையை மறுபடி எழுப்ப முடிந்தது. அதில் வேலை செய்ய அந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

டொர்னாடோவைத் தடுத்து நிறுத்தும் வழி இன்றுவரை இல்லை. ஆனால் அதனிடமிருந்து தப்பும் வழி இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அந்த வழியை ஆயத்தம் செய்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.