அற்புதத்தை நிகழ்த்தியவன் டாங்க்: ‘தி மேட்ரிக்ஸ்’ படமும் நாயகப் பயணமும்

பல நாட்டுத் தொன்மங்களுக்கு அடியில் ஒரே கதை ஓடுகிறது என்று அமெரிக்கரான ஜோசப் கேம்பெல் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதிட்டார். எளிய வாழ்வில் இருப்பவனுக்கு ஓர் அழைப்பு வருகிறது. அவன் தயங்குகிறான்; பின்னர் வழிகாட்டியின் துணையோடு எல்லையைக் கடக்கிறான். சோதனைகளில் சாவைத் தொட்டு மீண்டு, பெற்ற வரத்துடன் திரும்புகிறான். திரைக்கதை வகுப்புகளில் இன்று ‘நாயகப் பயணம்’ என்று கற்பிக்கப்படும் வாய்பாடு இதுவே.

1999இல் வச்சோவ்ஸ்கிகள் எழுதி இயக்கிய ‘தி மேட்ரிக்ஸ்’ இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. எந்திரங்கள் மனிதர்களைத் தொட்டிகளில் கிடத்தி, அவர்களது உடலின் ஆற்றலை உறிஞ்சுகின்றன. மனத்திற்கோ நகர வாழ்வு என்னும் கணினிக் கனவை ஊட்டுகின்றன. அக்கனவில் மென்பொருள் நிறுவன ஊழியனாக வாழும் நியோவுக்கு மார்ஃபியஸிடமிருந்து தொலைபேசி வருகிறது. தப்பிக்கும் வழி சொல்லப்பட்டும், உயரமான கட்டடத்தின் விளிம்பில் அஞ்சி நின்று அவன் பிடிபடுகிறான். பின்னர் சிவப்பு மாத்திரையை விழுங்கி விழித்தெழுகிறான்; இறுதியில் ஏஜெண்ட் ஸ்மித்தின் குண்டுகளுக்கு இரையாகி மீண்டும் எழுகிறான். வாய்பாடு கச்சிதமாகவே பொருந்துகிறது.

பொருந்தாத ஒரு காட்சியும் படத்தில் உண்டு. நாம் நின்று பார்க்க வேண்டியது அதைத்தான். குழுவைக் காட்டிக்கொடுக்கும் சைஃபர், கப்பலில் டோசர், டாங்க் என்னும் சகோதரர்களைச் சுட்டு வீழ்த்துகிறான். கனவுக்குள் சென்றிருந்த இருவரின் இணைப்பைப் பிடுங்கிக் கொல்கிறான். அடுத்தது நியோ. மீட்பன் என்று முன்னுரைக்கப்பட்டவன் இவன்தான் என்றால், தன்னைத் தடுக்க ஏதேனும் அற்புதம் நிகழ்ந்தாக வேண்டுமே என்று ஏளனம் செய்கிறான். அப்போது குற்றுயிராய்க் கிடந்த டாங்க் எழுந்து அவனைச் சுடுகிறான்.

டாங்க் யார்? எந்திரத் தொட்டியில் வளர்க்கப்படாமல், விடுதலை பெற்ற சீயோன் நகரில் தாய் வயிற்றில் பிறந்தவன். உடலில் இணைப்புத் துளை இல்லாததால் கனவுலகிற்குள் நுழைந்து சாகசம் புரிய அவனால் இயலாது. திரைகளின் முன் அமர்ந்து, உள்ளே சென்றவர்களுக்கு வழி சொல்வதே அவன் வேலை. ஹெலிகாப்டர் ஓட்டும் அறிவை டிரினிட்டிக்கு நொடியில் அனுப்பித் தருபவனும் அவனே. வாய்பாட்டில் இத்தகையோருக்கு ‘துணைவர்’ என்ற ஒற்றைச் சொல்தான். நியோவுக்கு வழிகாட்டும் மார்ஃபியஸாகவும் ஆரக்கிளாகவும் நடித்த லாரன்ஸ் ஃபிஷ்பர்ன், குளோரியா ஃபாஸ்டர் இருவரும் கறுப்பினக் கலைஞர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம். அவர்களது அறிவெல்லாம் இன்னொருவனின் உயர்வுக்கே செலவாகிறது.

2003இல் வந்த இரண்டாம் பாகம் வாய்பாட்டையே கேள்விக்கு உட்படுத்துகிறது. நியோ ஆறாவது மீட்பன் என்றும், சீயோன் ஏற்கெனவே ஐந்து முறை அழிக்கப்பட்டது என்றும் மேட்ரிக்ஸை வடிவமைத்த ‘ஆர்க்கிடெக்ட்’ அறிவிக்கிறார். 23 பேரைத் தேர்ந்து அந்நகரை மறுபடி நிறுவி, பழைய சுழற்சியைத் தொடரச் செய்வதே மீட்பனுக்கு விதிக்கப்பட்ட பணி. ‘ஒருவன் வருவான்’ என்ற நம்பிக்கையே ஆள்வோர் வார்த்த கட்டுப்பாட்டுக் கருவி என்றாகிறது. கேம்பெலின் பயணத்தை அடி பிறழாமல் நடந்து முடித்தவன் எந்திரத்தின் பற்சக்கரங்களுள் ஒன்றாகிறான்.

அந்தப் பாகத்தில் டாங்க் இல்லை. திரைகளின் முன் லிங்க் என்பவன் அமர்ந்திருக்கிறான். அவன் மனைவி ஸீ அந்தக் கப்பலை வெறுக்கிறாள். அது தன் சகோதரர்கள் இருவரையும் பறித்துக்கொண்டது என்கிறாள். டாங்கின் சாவைப் பற்றி நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.