ஒரு ரயில் தண்ணீர் எத்தனை ஃப்ளஷ்?

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கா? 50 வேகன், ஒரு நடைக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர். அதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்று வைத்துத்தான் நம் நாட்டில் குடிநீர்த் திட்டம் போடுகிறார்கள். அதில் 45 லிட்டர் கழிப்பறை ஃப்ளஷ்ஷுக்கு. மூன்றில் ஒரு பங்கு! அப்படிப் பார்த்தா, அந்த ஒரு ரயில் தண்ணி சுமார் 55,000 பேர் ஒரு நாள் ஃப்ளஷ் பண்ணத்தான் காணும். குடிக்க, சமைக்க, குளிக்க ஒரு சொட்டு மிஞ்சாது.

செலவு அதோட முடியறதில்லை. சுத்திகரித்து அனுப்பிய நல்ல தண்ணீரைக் கழிவோடு கலந்து, திரும்பவும் பம்ப் செய்து, திரும்பவும் சுத்திகரிக்க வேண்டும். ரெண்டு தடவையும் மின்சாரம். சுத்திகரிக்காமல் விட்டால் அது கூவத்திலும் அடையாற்றிலும்தான் சேரும். கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏரிக்குப் போனால் ஆகாயத்தாமரைக்குத்தான் தீனி.

சரி, வீட்டில் நாம என்ன செய்யலாம்?

முதலில் கசிவு. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம பாத்துக்குங்க. கோப்பையில் நீலம் தெரிஞ்சா, உள்ளே வாஷர் போயிருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லாம ராத்திரி பகலா தண்ணி போயிட்டிருக்கு.

அடுத்து, பழைய டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் வரை கொட்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, மிதவையில் இடிக்காமல் உள்ளே வையுங்கள். நாலு பேர், ஆளுக்கு 5 தடவை என்றால் தினம் 20 லிட்டர் மிச்சம். செங்கல் வேண்டாம், கரைந்து அடைத்துக்கொள்ளும். பாட்டில் வைத்த பிறகு ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ண வேண்டி வந்தால் எடுத்துவிடுங்கள், அதில் லாபம் இல்லை.

மூன்றாவது, வாஷிங் மெஷின் அலசின தண்ணி, ஆர்.ஓ. தள்ளிவிடும் தண்ணி. இதை ஒரு வாளியில் பிடித்து வைத்து, அப்படியே கோப்பையில் ஊற்றலாம்.

லாரித் தண்ணிக்குக் குடத்தோட வரிசையில் நின்ன அந்தக் கோடையில், எங்க வீட்டில் யாரும் ஃப்ளஷ் பட்டனைத் தொடவே இல்லை. வாளியும் மக்கும்தான். மழை வந்ததும் மறந்துட்டோம். போன வாரம்தான் சொட்டு நீலம் விட்டுப் பார்த்தேன். கோப்பை நீலமா இருந்துச்சு.