மடியில் இன்னும் வெற்றிலைப் பை: வாய்ப்புற்றுநோயிலிருந்து மீண்ட பிறகு

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், வாய்ப்புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மாவைச் சந்தித்தேன். கன்னத்தில் தழும்பு. பேச்சு சற்றுக் குழறியது. "பொகையில போடுறத விட்டுட்டேன் தம்பி. இப்ப வெறும் வெத்தல பாக்குதான்" என்றார்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து போய் வன்னியில் குடியேறியவர்களிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். புகையிலைதான் கெட்டது, பாக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை அது. ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலைக்கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பாக்கு தனியாகவே அந்தப் பட்டியலில் இருக்கிறது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவதும் வாய்ப்புற்றுநோய்தான்.

சத்திரசிகிச்சை கட்டியை அகற்றிவிடும். பல வருடம் பாக்குச் சாறு ஊறிய வாயின் மற்றப் பகுதிகள் அப்படியே இருக்கும். அங்கே புதிதாக இன்னொரு புற்று வரலாம். அதனால் மீண்டவர் நீண்ட நாள் வாழ முதலில் செய்யவேண்டியது, பாக்கை முழுதாக விடுவது. அது லேசல்ல. காலைக் குளிரில் கொழுந்து பறிப்பவருக்கு வெற்றிலை பசியை மறக்கடிக்கும், உடம்பைச் சூடாக்கும். பாக்கிலுள்ள அரெகோலின் அடிமையாக்கும் பொருள். விட்டதும் சில நாள் எரிச்சலும் தலைவலியும் வரலாம். வீட்டிலுள்ளவர்களும் வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துவிட்டால் பாதிச் சுமை குறையும். மதுவும் சிகரெட்டும் கூடவே போகவேண்டும்.

அடுத்தது கிளினிக். வாய்ப்புற்றுநோய் திரும்பி வந்தால், பெரும்பாலும் முதல் 2 வருடங்களுக்குள்தான் வரும். மஹரகமையோ, கண்டியோ, தெல்லிப்பழையோ, கொடுத்த திகதியைத் தவறவிடக்கூடாது. இடையில் வாரம் ஒருமுறை கண்ணாடியில் வாயைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, 2 வாரத்தில் ஆறாத புண், கழுத்தில் கட்டி, வாய் திறப்பது குறைதல், இவற்றில் எது தெரிந்தாலும் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களுக்கு உமிழ்நீர் குறைந்து பல் சீக்கிரம் சொத்தையாகும். தேத்தண்ணீரில் சீனியைக் குறையுங்கள். பல் பிடுங்குவதற்கு முன் கதிர்ச்சிகிச்சை எடுத்ததைப் பல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தத் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். ரொட்டி மெல்ல முடியாதவருக்குக் கஞ்சி, பருப்பு, முட்டை நல்லது.

புறப்படும்போது, அடுத்த கிளினிக் எப்போது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். போன திகதிக்கே போகவில்லை என்றார். "போனா அன்னைக்குப் பேர் இல்ல தம்பி. பஸ் காசு வேற."

பாக்கை விடுவது அவர் கையில் இருக்கிறது. கிளினிக் நாளுக்கும் பேர் போடுவது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் கேட்கலாம்.